மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்

"எனக்கு மோல்னா என்னன்னே புரியல சார்."

முதலாமாண்டு வேதியியல் வகுப்பில் இந்தக் குரல் எழுந்ததும் அறுபது தலைகள் நிமிர்ந்தன. புரியவில்லை என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அந்த அறுபதில் ஐம்பது பேருக்காவது அதே நிலைமைதான். சொன்னது யார் என்பதுதான் ஆச்சரியம். கரும்பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மாணவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த முப்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அதைச் சொன்னாள். கையில் நோட்டு இல்லை, பேனா இல்லை. முகத்தில் வெட்கமும் இல்லை.

விரிவுரையாளர் எழுதுவதை நிறுத்திச் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டார். "எந்த இடத்துலம்மா புரியல?" என்று அவளிடம் கேட்டார்.

"அவங்களப் பார்த்துப் பேசுங்க சார்," என்று அவள் முதல் பெஞ்சைக் காட்டினாள். "புரியாதது அவங்களுக்கு."

"நீங்கதானே எனக்குப் புரியலன்னு சொன்னீங்க?"

"சொன்னது நான்தான். ஆனா அது நான் இல்ல."

விரிவுரையாளர் பதினான்கு வருடமாகப் பாடம் எடுப்பவர். எத்தனையோ சாக்குப்போக்குகளைக் கேட்டுத் தேறியவர். இந்த மாதிரி ஒன்றை அவர் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். முதல் பெஞ்சில் இருந்த மாணவிக்குக் காது கேட்காது. அவள் கைகளால் பேசுவதை வாயால் சொல்வதும், விரிவுரையாளர் வாயால் பேசுவதைக் கைகளால் சொல்வதும் நாற்காலியில் இருந்தவளின் வேலை. அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. இன்னொருவருக்காகப் பேசும்போது "அவங்களுக்குப் புரியலயாம்" என்று சொல்லக் கூடாது. "எனக்குப் புரியல" என்றுதான் சொல்ல வேண்டும். பேசுகிறவர் எதிரே இருக்கிறார், அவருக்கு நாக்கை மட்டும் இரவல் கொடுக்கிறோம் என்று கணக்கு. எனவே அவள் வாயிலிருந்து வரும் "நான்" எதுவும் அவள் இல்லை.

கைகளால் பேசுகிறவர்கள் ஒருவர் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டார்கள். கண்ணுக்கு எது முதலில் படுகிறதோ அதையே பெயராக வைத்துவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளரின் பெயர் கன்னத்தில் ஒரு விரலை வைத்து அழுத்துவது: கன்னக்குழி. மாணவியின் பெயர் இடது புருவத்தின் மேல் விரலால் ஒரு கோடு: புருவம். கை மொழியில் கேள்விக்குறி இருப்பது புருவத்தில்தான். அந்தப் பெண்ணுக்கோ தூங்கும்போதும் ஒரு புருவம் ஏறியே இருக்கும் என்று அவள் அம்மா சொல்வார். விரிவுரையாளருக்கும் முதல் வாரத்திலேயே பெயர் கிடைத்துவிட்டது. காதுக்குப் பின்னால் ஒரு விரல்: சாக்பீஸ்.

கன்னக்குழியின் அப்பா, அம்மா இருவருக்குமே பிறவியிலிருந்து காது கேட்காது. அப்பா அச்சகத்தில் மெஷின் ஓட்டினார். அந்த இரைச்சலில் மற்றவர்கள் எல்லாம் தலைவலியோடு வீடு திரும்பும்போது அவர் மட்டும் குளித்துவிட்டு வந்தவர் போல வருவார். அம்மா சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து வாய் ஒன்றுதான் இருந்தது. அது மகளிடம் இருந்தது. ஆறு வயதில் வீட்டு உரிமையாளர் முன்னால் நின்று, "மூணு நாளா எனக்குத் தண்ணி வரல, இது உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று கேட்டாள். ஒன்பது வயதில் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய், "எனக்குத் தள்ளிப்போய் ரெண்டு மாசம் ஆச்சு டாக்டர்" என்று கணீரென்று சொன்னாள். டாக்டர் அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பேனாவை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அந்த இரண்டு மாதம்தான் இப்போது கப்பலில் சமையல்காரனாக இருக்கும் தம்பி.

பள்ளியில் வேதியியல் வகுப்பு செவ்வாயும் வியாழனும். அம்மாவுக்குத் தைராய்டு கிளினிக் வியாழன். அதனால் கன்னக்குழியின் வேதியியலில் செவ்வாய்க்கிழமைகள் மட்டுமே இருந்தன. அணு செவ்வாய்க்கிழமை வந்தது. அவளுக்கு அணு தெரியும். அணுக்கள் ஏன் ஒன்றோடொன்று சேர்கின்றன என்பது வியாழக்கிழமை நடந்தது; அது தெரியாது. பரீட்சையில் முப்பத்தொன்று வாங்கினாள். ஆசிரியை அப்பாவை வரச்சொல்லி, "உங்க பொண்ணுக்கு மண்டையில ஒண்ணும் ஏறல" என்றார். அதை மொழிபெயர்க்க வேண்டியவளும் அவள்தான். 'நல்லாப் படிக்கிறேனாம்' என்று கையால் சொல்லிப் பார்த்தாள். அப்பா ஆசிரியையின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். முகத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. வீடு வரைக்கும் அவர் கைகள் பையிலேயே இருந்தன. அவர் பேசவே இல்லை என்று அதற்கு அர்த்தம்.

அதற்குப் பிறகு அவள் முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கி, பதினேழு வருடமாக இதே தொழில். கோர்ட்டில் "ஆமா, நான்தான் அடிச்சேன், திரும்பவும் அடிப்பேன்" என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். திருமணப் பதிவு அலுவலகத்தில் ஒரே நிமிடத்தில் மாப்பிள்ளையாகவும் பெண்ணாகவும் சம்மதம் சொல்லியிருக்கிறாள். ஒரு வங்கியில் தன்னைத் தானே விசாரித்து, தானே பதில் சொல்லி, தானே கோபித்துக்கொண்டு வெளிநடப்பும் செய்திருக்கிறாள். ஆகவே கல்லூரியில் ஒரு மாணவிக்கு ஆள் வேண்டும் என்று அழைப்பு வந்தபோது தயங்கவில்லை. எந்தப் பாடம் என்று தெரிந்தபோதுதான் ஒரு நொடி தயங்கினாள்.

"கெமிஸ்ட்ரி தெரியுமா?" என்று கேட்டார் மாணவர் உதவிப் பிரிவின் பொறுப்பாளர். மேசையில் பூச்செடி வைத்திருந்த, எதற்கும் ஒரு படிவம் வைத்திருந்த அம்மையார்.

"சைகை மொழி தெரியுங்க."

"அது போதும்," என்று அவர் படிவத்தில் டிக் அடித்தார்.

மோலுக்கு வருவோம். சாக்பீஸ் புருவத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, "ஒரு டஜன்னா பன்னிரண்டு. அந்த மாதிரி ஒரு மோல்னா ஆறுக்குப் பின்னாடி இருபத்து மூணு இலக்கம் போடுற அளவு எண்ணிக்கை. அவ்வளவுதான்," என்றார்.

புருவத்தின் கைகள் எழுந்தன. கன்னக்குழி வாயைத் திறந்தாள். "அந்த நம்பர் ஏன் சார்? ஒரு ரவுண்டு நம்பரா வச்சிருக்கலாமே?"

"தராசுல கிராம் கணக்குல நிறுக்குறோம். அணுவைக் கிராம்ல நிறுக்க முடியாது. ரெண்டையும் இணைக்கறதுக்கு அவ்வளவு தேவைப்பட்டுச்சு."

மோல் என்பதற்குச் சைகை இல்லை. அன்றைக்கு எழுத்து எழுத்தாகக் காட்டி ஒப்பேற்றினார்கள். இரண்டாம் நாள் புருவமே ஒன்று செய்தாள்: டஜனுக்கு உள்ள சைகையைக் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு செய்வது. கன்னம் உப்பினால் பெரிது என்று அர்த்தம். பார்ப்பவர்களுக்கு வாயில் சாப்பாட்டோடு கணக்குப் போடுவது போல இருந்தது. ஆனால் புரிந்தது.

இரண்டு வாரத்தில் பின் பெஞ்சுகள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தன. மற்றவர்கள் கை தூக்கினால் சாக்பீஸ், "கடைசியில கேளுங்க" என்பார். கடைசி என்பது மணி அடித்த பிறகு வரும். புருவம் கை தூக்கினால் மட்டும் பாடம் நின்றுவிடும். நிற்க வேண்டும் என்று உதவிப் பிரிவு எழுத்தில் கொடுத்திருந்தது. போதாததற்கு, ஒரு கேள்வி இரண்டு பேர் வழியாகப் போனால் யாரைத் திட்டுவது என்று சாக்பீஸுக்குத் தெரியவில்லை. உடனே சீட்டுகள் வர ஆரம்பித்தன. 'அக்கா கிட்ட சொல்லி இதையும் கேளு' என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருக்கும்.

புருவம் வந்த சீட்டையெல்லாம் அப்படியே கேட்கிறவள் இல்லை. தனக்குத் தெரிந்த கேள்வி என்றால் சீட்டிலேயே பதில் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவாள். தெரியாததுதான் கன்னக்குழியின் வாய்க்கு வரும்.

"சோடியம் தண்ணியில போட்டா வெடிக்குது. குளோரின் விஷ வாயு. ரெண்டும் சேர்ந்த உப்பை மட்டும் எப்படி சார் சாப்பிடறோம்?"

"சேர்ந்ததுக்கு அப்புறம் அதுங்க பழைய ஆளுங்க இல்ல. சோடியம் ஒரு எலக்ட்ரானை விட்டுடுச்சு, குளோரின் வாங்கிக்கிச்சு. ரெண்டும் செட்டில் ஆயிடுச்சு."

"சமன்பாட்டைச் சரிக்கட்ட எச் டூ ஓவுல ஓவுக்குப் பக்கத்துல ஒரு ரெண்டு போட்டா வேலை முடிஞ்சுதே, எதுக்கு சார் முன்னாடியே போடணும்?"

"பக்கத்துல போட்டா அது தண்ணி இல்ல. காயத்துக்கு ஊத்துற பெராக்சைடு. தாகத்துக்குக் குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

"எலக்ட்ரான் மைனஸ், அணுக்கரு பிளஸ். சுத்திக்கிட்டே இருக்கற எலக்ட்ரான் ஏன் உள்ள போய் விழல?"

"அது சுத்தல."

"முதல் வாரம் சுத்துதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"முதல் வாரத்துக்கு அது போதும்," என்றார் சாக்பீஸ்.

இதையெல்லாம் கன்னக்குழி தன் வாயால் கேட்டு, தன் காதால் பதிலை வாங்கி, தன் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தலை இருக்கிறதே, அதற்குள்ளும் கொஞ்சம் சிந்தத்தானே செய்யும். ஒரு காலை சமையலறையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தக் குமிழுக்குள்ள என்ன இருக்கு, சொல்லுங்க?" என்றாள்.

"காத்து."

"இல்ல."

"வேற என்ன, தண்ணி பிரிஞ்சு ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகுதா?"

"வகுப்புல முக்கால்வாசிப் பேர் அதைத்தான் சொன்னாங்க. அதுவும் இல்ல. உள்ள இருக்கறதும் தண்ணிதான். ஆவியான தண்ணி."

அவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். "சரி, டீத்தூளைப் போடு," என்றார்.

சிக்கல் ஐந்தாம் மாதம் வந்தது. பாடம் சமநிலை. சில வேதிவினைகள் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டே இருந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு எதுவும் மாறாமல் நின்றுவிடுவது போலத் தோன்றும். அந்த நிலைக்குச் சமநிலை என்று பெயர். சாக்பீஸ் அந்த வார்த்தையைச் சொன்னதும் கன்னக்குழி இரண்டு உள்ளங்கைகளையும் தராசுத் தட்டு போல ஏந்தி, மேலும் கீழும் ஆட்டி, சரிமட்டத்தில் அசையாமல் நிறுத்தினாள். அழகான சைகை. பார்த்தவுடன் புரியும். புருவத்துக்கும் பார்த்தவுடன் புரிந்தது. தேர்வில், 'சமநிலையை அடைந்தபின் வினைக்கு என்ன ஆகும்?' என்ற கேள்விக்கு, 'நின்றுவிடும்' என்று எழுதினாள். புத்தகத்தில் இரண்டு திசையிலும் அம்புக்குறி போட்டிருந்ததை, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம் என்று எடுத்துக்கொண்டாள். நான்கு மார்க் போனது.

விடைத்தாள் கொடுத்த அன்று புருவம் கை தூக்கினாள். "இது ஏன் தப்பு சார்?" என்றாள் கன்னக்குழி, அவளுக்காக.

"வினை நிக்கறதே இல்லம்மா. முன்னாடியும் போகுது, பின்னாடியும் வருது. ரெண்டும் ஒரே வேகம். அதனால வெளிய பார்த்தா மாற்றம் தெரியாது. உள்ள நடந்துட்டேதான் இருக்கு."

கன்னக்குழியின் கைகள் பாதியில் நின்றன. தராசுத் தட்டு தப்பு என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கு மார்க்கையும் விழுங்கியது அந்தப் பெண்ணின் மூளை அல்ல, தன் உள்ளங்கைகள். சரி, வேறு சைகை காட்டலாம் என்றால் எதைக் காட்டுவது? ஒன்றும் மாறவில்லை என்கிறார், நடந்துகொண்டே இருக்கிறது என்கிறார். மனசில் படமாக வராததைக் கையில் கொண்டுவர முடியாது.

இதற்கும் விதி இருக்கிறது. அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்த விதி. "மொழிபெயர்ப்பாளர் விளக்கம் கேட்கிறார்" என்று சொல்லிவிட்டுக் கேட்கலாம். கோர்ட்டில் நூறு முறை கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அந்த வார்த்தைகள் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டன. அதற்குப் பதிலாக, முந்தைய கேள்வியைக் கேட்ட அதே குரலில், கேட்டதன் தொடர்ச்சி போல, இது வெளியே வந்தது:

"ஒண்ணுமே மாறலைன்னா, உள்ள நடந்துட்டு இருக்குன்னு எப்படி சார் கண்டுபிடிச்சாங்க?"

சாக்பீஸ் புருவத்தை நேராகப் பார்த்தார். மோல் கேட்ட நாளுக்குப் பிறகு முதல் முறையாகக் கன்னக்குழியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"நல்ல கேள்வி," என்றார். "ஈய அயோடைடுன்னு ஒரு மஞ்சள் தூள். தண்ணியில கொஞ்சம்தான் கரையும், மீதி அடியில தங்கிடும். இனிமே கரையாதுங்கற நிலைமையில, மேல இருக்கற தண்ணியில கதிரியக்கம் உள்ள அயோடைடைத் துளி அளவு சேர்க்கணும். கொஞ்ச நேரம் கழிச்சு அடியில இருக்கற தூளை எடுத்துச் சோதிச்சா, அதுலயும் கதிரியக்கம் இருக்கும். மேல இருந்தது எப்படிக் கீழ போச்சு? இடம் மாறிக்கிட்டே இருக்கு. அளவு மட்டும்தான் மாறல." சாக்பீஸைக் கையில் உருட்டினார். "பதினாலு வருஷத்துல இதை யாரும் கேட்டதில்லம்மா. உங்களுக்கு ரெண்டு மார்க் சேர்த்துக்கறேன்."

கன்னக்குழி எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள். பாராட்டையும் மொழிபெயர்த்தாள். வேறு வழியில்லை. புருவம் பதிலைக் கடைசி வரை கவனமாகப் பார்த்தாள். பிறகு தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். அவை பெஞ்சின் மேல் சும்மா கிடந்தன. அவை சும்மா கிடந்த நேரத்தில் கன்னக்குழியின் வாய் அசைந்ததை அவள் பார்த்திருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் மாடிப்படித் திருப்பத்தில் அவளை நிறுத்தினாள். கை மொழியில் 'நீ', 'நீங்க' என்று பிரிவு கிடையாது. சுட்டுவிரல் ஒன்றுதான். அது எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பதில்தான் மரியாதை. அன்றைக்கு மிகவும் பக்கத்தில் வந்தது.

"நான் கேட்காத கேள்விக்கு எனக்கு ஏன் பதில் வந்துச்சு?" என்றன புருவத்தின் கைகள்.

"கேட்டது நான்."

"என் பேர்ல."

"உன் பேர்லதான்."

"மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்னு சொல்லியிருக்கலாமே. கோர்ட்ல சொல்வேன்னு நீதான் சொன்ன."

"கோர்ட்ல வரும். இங்க வரல."

"ஏன்?"

 "இங்க மார்க் போடுறாங்க," என்றாள் கன்னக்குழி.

"எனக்குத்தான் போடுறாங்க. உனக்கு இல்ல."

"தெரியும்."

படியில் ஏறிய மாணவர்கள் இரண்டு பேரின் கைகளும் பறப்பதைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். கைச் சண்டையில் ஒரு வசதி, எதிராளி பேசும்போது கண்ணை மூடிக்கொண்டால் வாதம் முடிந்துவிடும். புருவம் கண்ணை மூடவில்லை. கன்னக்குழி மீதியையும் சொல்லிவிட்டாள்: தராசுத் தட்டு தப்பு என்பதை, நான்கு மார்க் போனது தன்னால் என்பதை. சொல்லும்போது கைகள் சிறிதாகிவிட்டன. முணுமுணுப்பதற்கு அதுதான் வழி.

"அந்த நாலு போனது பரவாயில்ல," என்றாள் புருவம். "தப்பா எழுதினது என் கைதான். இந்த ரெண்டு வந்ததுதான் பிடிக்கல. சின்ன வயசுலேர்ந்து எனக்காகப் பேசறவங்க எல்லாரும் என்னைவிட நல்லாத்தான் பேசியிருக்காங்க. எங்கம்மா, எங்க அத்தை, எல்லாரும். நான் மோசமாக் கேட்டா மோசமாவே போகணும். அதுக்குத்தான் உனக்குச் சம்பளம்."

  

அடுத்த வகுப்பில் சாக்பீஸ் உள்ளே வந்ததும் புருவம் கை தூக்கினாள். கன்னக்குழி தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் கைகள் சொன்னதை எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"போன வகுப்புல அந்த நல்ல கேள்வியைக் கேட்டது நான் இல்ல சார். மொழிபெயர்ப்பாளர்."

"மொழிபெயர்ப்பாளர் யாரு?"

"நான்தான் சார்."

"நீங்கதானே கேட்டது நான் இல்லன்னீங்க?"

"அது அவங்க சொன்னது. நான் சொல்றது, கேட்டது நான்."

சாக்பீஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எதற்குச் சிரிக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே.

"அந்த ரெண்டு மார்க் எனக்கு வேண்டாம்," என்று சேர்த்துச் சொன்னாள் கன்னக்குழி. இது புருவம்.

"ரெஜிஸ்டர்ல ஏத்தியாச்சும்மா. ஏத்துறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு, இறக்கறதுக்கு இல்ல." அவர் ரெஜிஸ்டரை மூடினார். "மொழிபெயர்ப்பாளர் சந்தேகம் கேட்கலாமான்னு ஆபீஸ்ல விசாரிச்சுச் சொல்றேன்."

விசாரித்தார். பொறுப்பாளர் அம்மையார் கன்னக்குழியை அழைத்தார். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, பதினேழு வருட அனுபவம் உள்ளவர் இப்படிச் செய்தது வருத்தத்துக்கு உரியது என்றார். அதற்கு ஒரு படிவம் இருந்தது. கன்னக்குழி கையெழுத்துப் போட்டாள். பிறகு வேறொரு தாளை நீட்டினார். இனிமேல் ஒவ்வொரு வகுப்பிலும் கேட்ட கேள்விகளைக் குறித்துத் தர வேண்டும். இரண்டு பத்தி: மாணவி, மொழிபெயர்ப்பாளர். எந்தப் பத்தியில் எழுதுவதாக இருந்தாலும், கேட்கும் முன் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

"அப்ப நான் கேட்கலாங்களா?"

"கேட்கக் கூடாதுன்னு படிவத்துல எங்கயும் இல்லையே," என்றார் அம்மையார்.

இப்படித்தான் அது ஆரம்பித்தது. முதல் சில நாள் "மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்" என்று சொல்வதற்குள் அவளுக்குக் காது மடல் சூடாகிவிடும். மற்றவர்களுடைய குற்றத்தையும் கல்யாணத்தையும் கூச்சமில்லாமல் சொன்ன குரல், சொந்தச் சந்தேகத்தைச் சொல்லும்போது மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலாக இறங்கியது. மரத்தைப் பிளக்க உழைப்பு வேண்டும், அணுக்களின் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் கொடுக்க வேண்டும் என்றால், விறகு எரியும்போது சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். உடைவதில் வரவில்லை, புதிதாகச் சேர்வதில் வருகிறது, சேரும்போது வருவது உடைக்கக் கொடுத்ததைவிட அதிகம் என்றார் சாக்பீஸ். வலிமையான அமிலமும் அடர்த்தியான அமிலமும் ஒன்றா என்று கேட்டாள். இல்லை என்றார், எவ்வளவு கலந்திருக்கிறது என்பது ஒன்று, கலந்ததில் எவ்வளவு பிரிந்து வேலை செய்கிறது என்பது வேறொன்று. ஒரு ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் அதில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்பதும் போல என்று கன்னக்குழி அதைக் கையால் சொன்னாள். புருவத்துக்கு உடனே புரிந்தது. பின் பெஞ்சு அந்தச் சைகையைப் பார்த்து மாதத் தேர்வில் எழுதியது.

சமநிலைக்கும் புதுச் சைகை வந்தது. இரண்டு கைகளும் எதிரெதிரே. இதிலிருந்து விரல்கள் அந்தப் பக்கம் தாவ, அதிலிருந்து அதே வேகத்தில் இந்தப் பக்கம் தாவ, கைகள் மட்டும் இருந்த இடத்தை விட்டு நகராது. செய்து பழகுவதற்கு மூன்று நாள் ஆனது. கன்னக்குழிக்கு இடது கை சொன்ன பேச்சைக் கேட்காது.

மாதக் கடைசியில் தாளை எண்ணிப் பார்த்தால் மாணவி பத்தியில் பத்தொன்பது, மொழிபெயர்ப்பாளர் பத்தியில் முப்பத்திரண்டு. புருவம் அதை இரண்டு முறை பார்த்தாள். அதற்கடுத்த மாதம் மாணவி பத்தியில் நாற்பது. பாடம் பின்தங்கியது. சாக்பீஸ் சனிக்கிழமை ஸ்பெஷல் வகுப்பு வைத்தார். அவருக்கு இதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தாள்களை ஜெராக்ஸ் எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார் என்று மட்டும் தெரியும்.

வருடக் கடைசிப் பரீட்சையில் புருவம் எழுபத்தொன்று வாங்கினாள். அதில் ஒரு கேள்வி சமநிலை. அதை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் பெஞ்சுக்குக் கீழே கொண்டுபோய் அந்தச் சைகையைச் செய்து பார்த்துக்கொண்டாள். கண்காணிப்பாளர் காப்பி அடிக்கிறாள் என்று ஓடிவந்து கையைப் பிடித்தார். கையில் ஒன்றும் இல்லை. அறிவிப்புகளை மொழிபெயர்க்க ஓரமாக உட்கார்ந்திருந்த கன்னக்குழி எழுந்து போய் விளக்க வேண்டியதாயிற்று. "அவங்க யோசிக்கறாங்க சார்," என்றாள். பரீட்சை அறையில் இது நம்பக்கூடிய காரணமா என்று கண்காணிப்பாளர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

இரண்டாமாண்டுக்குக் கன்னக்குழியை நியமிக்கவில்லை. படிவங்களைப் பரிசீலித்த மேலிடம், மொழிபெயர்ப்பாளருக்கு இத்தனை சந்தேகம் வருவது பாடம் தெரியாததையே காட்டுகிறது என்று முடிவு செய்து, வேதியியலில் பட்டம் வாங்கிய இளைஞர் ஒருவரைப் போட்டது. சைகை மொழியிலும் கெட்டிக்காரர்.  கன்னக்குழி பழையபடி கோர்ட்டுக்குப் போனாள். ஒரு வாரம் சொத்துத் தகராறு, அடுத்த வாரம் கார் மோதிய வழக்கு. வீட்டில் குழம்பு கொதிக்கும்போது மட்டும் கரண்டியோடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். "அடி பிடிக்கப் போகுது," என்பார் வீட்டுக்காரர்.

ஐந்தாவது வாரம் புருவம் உதவிப் பிரிவுக்குப் போனாள். அம்மையார் முன்னால் உட்கார்ந்து, யாருடைய நாக்கும் வேண்டாம் என்று தன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். எழுத்து கொஞ்சம் கோணல், வாக்கியம் கொஞ்சம் முன்பின். விஷயம் இது: புதியவர் மிகவும் நல்லவர். அவருக்கு எல்லாமே புரிகிறது. புரிவதால் எங்கேயும் நிற்பதில்லை. அவர் நிற்காததால் விரிவுரையாளரும் நிற்பதில்லை. பாடம் மிக வேகமாகவும் மிகச் சரியாகவும் போகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத மொழிபெயர்ப்பாளரைத் திருப்பித் தரவும்.

அம்மையார் அதைப் படித்தார். இந்த மாதிரி விண்ணப்பத்துக்கு அவரிடம் படிவம் இல்லை. ஒன்று தயாரிக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்.

கன்னக்குழி ஒரு திங்கட்கிழமை கல்லூரிக்குத் திரும்பினாள். அன்றைய பாடமான பென்சீன் வளையத்தை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பட்டதாரி இளைஞரை வரலாற்றுத் துறைக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு ஒன்றும் தெரியாது. வேலை நன்றாக நடக்கிறது என்று கேள்வி.